சொந்த கிளினிக் நடத்தும் டாக்டர் கேப்பிடல் வாசலைத் தட்டுவது எப்படி

அமெரிக்காவில் சொந்தமாக ப்ராக்டிஸ் நடத்தும் நம் டாக்டர்கள் இரண்டு பேர் ஒரு கல்யாண வரவேற்பில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் போதும், சாம்பார் வருவதற்குள் பேச்சு மெடிகேர் (முதியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) தரும் கட்டணம், ப்ரையர் ஆத் (வைத்தியத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் வாங்க வேண்டிய முன்அனுமதி), எந்த ஆஸ்பத்திரி யாருடைய கிளினிக்கை வாங்கியது என்கிற மூன்றில் ஒன்றில் போய் நின்றுவிடும். பாயசம் முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவோம். அதே புலம்பலை, அதைக் கேட்டு ஏதாவது செய்யக்கூடிய ஆளிடம் போய், அவருக்குப் புரியும் விதத்தில் சொல்வது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கூடும் கேப்பிடல் படியோ, மாநிலச் சட்டமன்றப் படியோ இதுவரை ஏறாதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

நிலைமை உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் ஒரு கணக்கு. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்வுப்படி, டாக்டர்களே உடைமையாளர்களாக இருக்கும் ப்ராக்டிஸ்களில் வேலை பார்த்தவர்கள் 2012இல் 60.1 சதவீதம். 2024இல் அது 42.2. மற்றவர்கள் ஆஸ்பத்திரிக் குழுமங்களிடமோ, இன்சூரன்ஸ் கம்பெனிகளின் கிளைகளிடமோ, பிரைவேட் ஈக்விட்டி முதலாளிகளிடமோ சம்பளம் வாங்குகிறார்கள். விற்றவர்கள் ஏன் விற்றார்கள் என்று கேட்டால், இன்சூரன்ஸ்காரனிடம் பேரம் பேசத் தெம்பில்லை, பேப்பர் வேலை தாங்கவில்லை என்பார்கள். இதெல்லாம் சந்தையின் போக்கு, யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்பவர்களை நான் பாதிதான் நம்புவேன். மெடிகேர் எதற்கு எவ்வளவு தரும் என்பதைச் சந்தை முடிவு செய்யவில்லை, வாஷிங்டனில் உட்கார்ந்து எழுதினார்கள், எழுதியதைத் திருத்தவும் அங்கேதான் போக வேண்டும்.

போகலாமா, வம்பாகிவிடுமா

நம் ஆட்களிடம் முதலில் எழும் கேள்வி இதுதான். லாபி என்றாலே பெட்டி கைமாறுகிற சமாச்சாரம் என்று ஒரு நினைப்பு. அரசாங்கத்திடம் குறை சொல்லும் உரிமை அரசியலமைப்பின் முதல் திருத்தத்திலேயே இருக்கிறது. 1995ஆம் ஆண்டு லாபி வெளிப்படுத்தல் சட்டப்படி பதிவு செய்ய வேண்டியவர்கள், அடுத்தவருக்காகக் காசு வாங்கிக்கொண்டு இதைத் தொழிலாகச் செய்பவர்களும் அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்களும்தான். உங்கள் கிளினிக்கைப் பற்றி உங்கள் தொகுதி உறுப்பினரிடம் போய் நீங்களே பேச எந்தப் பதிவும் வேண்டாம். மாநிலத்துக்கு மாநிலம் விதி கொஞ்சம் மாறும், உங்கள் மாநில மருத்துவச் சங்கத்தில் ஒரு போன் போட்டால் சொல்லிவிடுவார்கள்.

விசாவில் இருப்பவர்கள்? பேசலாம், கடிதம் எழுதலாம், கேட்பு விசாரணையில் சாட்சி சொல்லலாம். ஆனால் எச்-1பி, ஜே-1, எச்-4 விசாவில் இருப்பவர்கள் தேர்தல் நன்கொடை ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது, அது நகராட்சித் தேர்தலாக இருந்தாலும் சரி. கிரீன் கார்டு வந்துவிட்டால் கொடுக்கலாம். 'என் பெயரில் நீ கொடுத்துவிடு, நான் பிறகு தருகிறேன்' என்று நண்பரிடம் சொல்வது தனியாக ஒரு குற்றம். விளையாட்டாகக்கூட அந்தப் பேச்சு வேண்டாம்.

எந்த வாசல் என்று தெரிந்துகொள்வது

புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். காங்கிரஸ் உறுப்பினரிடம் போய் மாநில விஷயத்தைப் பேசுவார்கள், மாநில செனட்டரிடம் போய் மெடிகேர் பற்றி அழுவார்கள். இருவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, கை குலுக்கி, படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள்.

மோட்டாவாகச் சொன்னால் இப்படி. மெடிகேர் கட்டணம், ஆஸ்பத்திரிக்கும் கிளினிக்குக்கும் உள்ள கட்டண வித்தியாசம், டாக்டர்கள் சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்துக்கொள்வதற்கு 2010 ஒபாமாகேர் சட்டம் போட்ட தடை, இதெல்லாம் காங்கிரஸ். ஊரில் வேலை மாறவிடாமல் தடுக்கும் நான்-கம்பீட் ஒப்பந்தம், டாக்டர் அல்லாத முதலாளி கிளினிக்கைக் கட்டுப்படுத்தலாமா என்கிற கேள்வி, ஏழைகளுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகெய்ட் தரும் கட்டணம், இவை பெரும்பாலும் மாநிலம். சட்டத்தை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பது மெடிகேரை நடத்தும் சி.எம்.எஸ். போன்ற அரசு அலுவலகங்களின் வேலை, அது மூன்றாவது வாசல்.

ப்ரையர் ஆத் மட்டும் மூன்று வாசலிலும் நிற்கிற விஷயம், அதனால் அதை வைத்தே விளக்குகிறேன். தனியார் இன்சூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களில் முன்அனுமதி கெடுபிடியைக் குறைக்கும் மசோதா ஒன்று 2022 செப்டம்பரில் பிரதிநிதிகள் சபையில் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறியது. செனட்டில் நின்றுபோனது. காரணம், பத்து வருடத்தில் சுமார் 16 பில்லியன் டாலர் செலவாகும் என்று காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் கணக்குப் போட்டுவிட்டது. அனுமதி சீக்கிரம் கிடைத்தால் ஜனங்கள் கூடுதலாக வைத்தியம் பார்த்துக்கொள்வார்களாம், அதுதான் செலவு! சரி, அந்த வாசல் மூடியது. ஆனால் 2024 ஜனவரியில் சி.எம்.எஸ். தானே ஒரு விதி கொண்டுவந்தது. 2026 முதல் அவசரக் கோரிக்கைக்கு 72 மணி நேரத்திலும், சாதாரணக் கோரிக்கைக்கு ஏழு நாளிலும் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். மருந்துகளுக்கு இது பொருந்தாது என்பதையும் கவனியுங்கள்.

இன்னொரு பக்கம், டெக்ஸாஸ் 2021இலேயே கோல்டு கார்டு சட்டம் போட்டது. ஒரு சேவைக்கு ஆறு மாதத்தில் நீங்கள் கேட்டதில் 90 சதவீதம் அனுமதிக்கப்பட்டிருந்தால் அதற்கு இனி முன்அனுமதி வேண்டாம். கேட்க நன்றாக இருக்கிறதா? விதி எழுதும்போது, அந்த ஆறு மாதத்தில் அந்தச் சேவைக்குக் குறைந்தது ஐந்து கோரிக்கையாவது இருக்க வேண்டும் என்று வந்தது. ஒவ்வொரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தனித்தனியாக ஐந்து. ஒரே சேவையைத் திரும்பத் திரும்பச் செய்கிற டாக்டருக்கு அது பெரிய விஷயமில்லை, பலவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிற டாக்டருக்கு எட்டாத கனி. வெகு சிலருக்குத்தான் கார்டு கிடைத்தது, 2025இல் திரும்பவும் போய்ச் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. அப்புறம், மாநிலச் சட்டம் பெரிய கம்பெனிகள் தாங்களே காசு போட்டு நடத்தும் இன்சூரன்ஸ் திட்டங்களைத் தொடாது, மெடிகேர் அட்வான்டேஜையும் தொடாது. ஆக, உங்கள் கிளினிக்கில் எந்த இன்சூரன்ஸ் அதிகம் தொல்லை கொடுக்கிறது என்று பில்லிங் பார்க்கிறவரிடம் கேட்டுவிட்டு வாசலைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு கோரிக்கைதான்

பதினைந்து நிமிடம் கிடைக்கும். அதில் ஐந்து குறை சொன்னால் ஒன்றும் மனதில் நிற்காது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அது ஒரு மசோதாவாக, எண்ணும் பெயரும் உள்ளதாக இருக்கட்டும். 'டாக்டர்களுக்கு உதவுங்கள்' என்பது கோரிக்கை ஆகாது. 'இந்த மசோதாவில் கோ-ஸ்பான்சராக, அதாவது அதை முன்வைப்பவர்களில் ஒருவராக, கையெழுத்திடுங்கள்' என்றால் ஆம், இல்லை என்று பதில் சொல்லியாக வேண்டும். காங்கிரஸ் இரண்டு வருடத்துக்கு ஒன்று. அதற்குள் நிறைவேறாத மசோதா செத்துவிடும், அடுத்த காங்கிரஸில் புது எண்ணோடு வரும். அதனால் போகும் முன்பு காங்கிரஸின் இணையதளத்தில் இப்போதைய எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அதே பக்கத்தில் யார் யார் ஏற்கெனவே கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்றும் இருக்கும். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவரிடமே போய்ப் போடச் சொல்லிக் கெஞ்சுவதைப் போல அசடு வழியும் சந்தர்ப்பம் வேறில்லை. அவரிடம் நன்றி சொல்லிவிட்டு, அவருடைய சகா ஒருவரிடம் பேசச் சொல்லுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? என்னைக் கேட்டால் சொந்த கிளினிக்குகளுக்கு இரண்டு விஷயம் உயிர்நாடி.

முதலாவது, மெடிகேர் கட்டணத்தை விலைவாசியோடு இணைப்பது. மெடிகேரில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு புள்ளி எண் உண்டு, அதை ஒரு டாலர் மதிப்பால் பெருக்கினால் கட்டணம் வரும். அந்த டாலர் மதிப்பு 2001இல் 38.26. 2020இல் 36.09. 2025இல் 32.35. இருபத்து நான்கு வருடத்தில் வாடகை ஏறியது, நர்ஸ் சம்பளம் ஏறியது, சாஃப்ட்வேர் சந்தா என்று ஒன்று புதிதாக முளைத்தது, இந்த எண் மட்டும் இறங்கியிருக்கிறது. விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் 33 சதவீத வீழ்ச்சி என்பது மருத்துவச் சங்கத்தின் கணக்கு. 2026க்குப் பெரும்பாலானவர்களுக்கு 33.40 ஆக ஏறியது, ஆனால் அதில் 2.5 சதவீதம் 2025 ஜூலையில் கையெழுத்தான பெரிய பட்ஜெட் சட்டம் ஒரே ஒரு வருடத்துக்குக் கொடுத்தது. ஆஸ்பத்திரிகளுக்கோ வருடாவருடம் விலைவாசிக்கு ஏற்ற உயர்வு சட்டத்திலேயே இருக்கிறது. மெட்பேக் என்கிற, காங்கிரஸுக்கு மெடிகேர் பற்றி ஆலோசனை சொல்லும் ஆணையம்கூட 2025 ஜூன் அறிக்கையில், டாக்டர் கட்டணத்தை மருத்துவச் செலவுக் குறியீட்டோடு, அதில் ஒரு சதவீதப் புள்ளியைக் கழித்து, இணைக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. இதை மறக்காமல் சொல்லுங்கள். டாக்டர் சொல்வதைவிட, டாக்டருக்கு எப்போதும் தலையாட்டாத ஓர் ஆணையம் சொல்வதற்கு மதிப்பு அதிகம்.

இதற்குள் ஒரு கண்ணிவெடி இருக்கிறது. ஒரு சேவையின் கட்டணத்தைக் கூட்டி, அதனால் மொத்தச் செலவு 20 மில்லியன் டாலருக்கு மேல் கூடினால், மற்ற எல்லாவற்றிலும் வெட்ட வேண்டும் என்று விதி. இந்த 20 மில்லியன் வரம்பு 1992இல் நடைமுறைக்கு வந்தது, இன்றும் அதே எண்தான். 2021இல் கிளினிக் விசிட்டுகளுக்குக் கட்டணத்தைக் கூட்டியபோது டாலர் மதிப்பை 10 சதவீதத்துக்கும் மேல் வெட்டப் போனார்கள், கடைசி நிமிடத்தில் காங்கிரஸ் தலையிட்டுக் குறைத்தது. குடும்ப மருத்துவருக்கு வந்த லாபம் அறுவை சிகிச்சை நிபுணர் தலையில் விடிகிற ஏற்பாடு இது. எனவே பல துறை டாக்டர்கள் சேர்ந்து போவதாக இருந்தால், சண்டையை முதல் நாள் இரவே ஓட்டலில் முடித்துக்கொண்டு போங்கள். உறுப்பினர் முன்னால் இரண்டு டாக்டர்கள் ஒருவரையொருவர் வெட்டிப் பேசினால், அன்றோடு அந்த அலுவலகத்தில் கோப்பு மூடப்படும்.

இரண்டாவது, ஒரே வேலைக்கு ஒரே கட்டணம். 2015க்கு முன்பு நடந்ததைப் பாருங்கள்: ஒரு புற்றுநோய் மருத்துவர் தன் கிளினிக்கில் மருந்து ஏற்றுகிறார். அடுத்த மாதம் ஆஸ்பத்திரி அந்தக் கிளினிக்கை வாங்குகிறது. அதே கட்டடம், அதே நர்ஸ், அதே நாற்காலி, வாசல் பலகை மட்டும் மாறியிருக்கிறது. ஆனால் பல சேவைகளுக்கு டாக்டர் கட்டணத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஒரு வசதிக் கட்டணமும் சேர்கிறது, பேஷண்ட் கட்ட வேண்டிய 20 சதவீதமும் கூடவே ஏறுகிறது. ஆஸ்பத்திரிகள் கிளினிக்குகளை வாங்கிக் குவிப்பதில் இந்த வித்தியாசத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2015 பட்ஜெட் சட்டம் அந்த நவம்பர் 2க்குப் பிறகு தொடங்கிய வெளி வளாகக் கிளைகளுக்கு இதை நிறுத்தியது, பழைய கிளைகளுக்கு விலக்குக் கொடுத்தது. 2023 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை, கிளைகளில் மருந்து ஏற்றுவதற்குச் சமக் கட்டணம் கொண்டுவரும் மசோதாவை 320க்கு 71 என்று நிறைவேற்றியது. செனட்டில் சட்டமாகவில்லை. இந்தக் கோரிக்கையில் ஒரு வசதி: இது அரசாங்கத்துக்குக் காசை மிச்சப்படுத்தும். முதலாவது கோரிக்கைக்குப் பணம் எங்கே என்று கேட்டால், இரண்டாவதைக் காட்டலாம்.

காட்டலாம் என்று சொன்னேனே தவிர, அது சுலபமில்லை. உங்களுக்கு முன்னால் அதே சோபாவில் ஆஸ்பத்திரிச் சங்கத்து ஆள் உட்கார்ந்துவிட்டுப் போயிருப்பார். இருபத்து நான்கு மணி நேரமும் அவசர சிகிச்சைப் பிரிவைத் திறந்து வைத்திருக்கிறோம், காசில்லாதவரையும் திருப்பி அனுப்புவதில்லை, இந்தப் பணத்தை வெட்டினால் கிராமத்து ஆஸ்பத்திரி மூடும் என்று சொல்லியிருப்பார். அது பொய் இல்லை. அதை ஏளனம் செய்யாதீர்கள், அந்தத் தொகுதியில் ஆஸ்பத்திரிதான் பெரிய முதலாளியாக இருக்கும், உறுப்பினரின் உறவினரே அங்கே வேலை பார்க்கலாம். நாங்கள் பேசுவது அவசரப் பிரிவைப் பற்றி இல்லை, பத்து மைல் தள்ளிக் கடைத்தெருவில் இருக்கும் கிளையைப் பற்றி, கிராமத்து ஆஸ்பத்திரிக்கு நேரடியாகவே உதவுங்கள் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நேரம் வாங்குவது

வாஷிங்டனுக்கு ஓட வேண்டியதில்லை. உறுப்பினரின் தொகுதி அலுவலகம் உங்கள் கிளினிக்கிலிருந்து அரை மணி தூரத்தில் இருக்கும், ஆகஸ்டில் காங்கிரஸ் விடுமுறையில் அவர்கள் ஊரில் இருப்பார்கள். முதல் சந்திப்பை அங்கே வைத்துக்கொள்வது நல்லது. அதைவிட நல்லது, அவரையோ அவருடைய ஊழியரையோ உங்கள் கிளினிக்குக்கே வரச் சொல்வது. ப்ரையர் ஆத் பார்க்கும் பெண்ணின் மேசைக்குப் பக்கத்தில் இருபது நிமிடம் நிற்க வையுங்கள். போனில் ஹோல்டு இசை ஓடிக்கொண்டிருக்க, அவர் இன்னொரு கையால் அதே படிவத்தை மூன்றாவது முறை ஃபேக்ஸ் செய்துகொண்டிருப்பார். சராசரியாக ஒரு டாக்டருக்கு வாரத்துக்கு 39 முன்அனுமதிக் கோரிக்கை, அதற்கு 13 மணி நேரம் என்று மருத்துவச் சங்கத்தின் ஆய்வு சொல்கிறது, ஆனால் அந்த எண்ணை மறந்துவிடுகிறவர் அந்த இசையை மறக்கமாட்டார். பேஷண்ட் பெயர் தெரியும் திரைகளை மட்டும் முன்பே அணைத்துவிடுங்கள்.

நேரம் கேட்டு எழுதும்போது மின்னஞ்சலின் முதல் வரியிலேயே உங்கள் ஜிப் கோடு இருக்க வேண்டும். தொகுதிக்காரரா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். அப்புறம் என்ன மசோதா, எத்தனை பேர் வருகிறீர்கள், எந்த வாரம். அவ்வளவுதான், உங்கள் பட்டங்களின் வரிசை வேண்டாம். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்துப் போன் செய்யுங்கள். தனியாக முட்டி மோத விருப்பமில்லை என்றால் சங்கங்களோடு போகலாம். இந்திய வம்சாவளி மருத்துவர்களின் ஆப்பி சங்கம் கேப்பிடலில் நாள் ஒதுக்கிக் கூட்டிப்போகிறது, உங்கள் துறைச் சங்கமும் வருடத்துக்கு ஒரு முறை செய்யும். முதல் தடவைக்கு அது வசதி, யாரோ நேரம் வாங்கி வைத்திருப்பார்கள், நீங்கள் பேசினால் போதும்.

வாஷிங்டனுக்கே போவதென்றால்: பிரதிநிதிகள் சபை அலுவலகங்களுக்குக் கேப்பிடல் சவுத் மெட்ரோ நிலையம், செனட் அலுவலகங்களுக்கு யூனியன் ஸ்டேஷன். அறை எண் மூன்று இலக்கம் என்றால் கேனன் கட்டடம், நான்கு இலக்கத்தில் 1 என்று தொடங்கினால் லாங்வொர்த், 2 என்று தொடங்கினால் ரேபர்ன். விமான நிலையம் போல ஒரு சோதனை, அவ்வளவுதான். காலையில் ஒரு பக்கம் செனட், மதியம் மறுபக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கேப்பிடலைச் சுற்றி ஓடியே நாள் போய்விடும். புது ஷூ வேண்டாம்.

அறைக்குள்

பெரும்பாலும் உறுப்பினரைப் பார்க்கமாட்டீர்கள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் ஒரு பிள்ளை நோட்டோடு வரும். எல்.ஏ. என்று சொல்வார்கள், நம் ஊர் எம்.எல்.ஏ. இல்லை, சட்ட உதவியாளர். இடம் இல்லாமல் சில நேரம் நடைபாதையிலேயே நின்று பேச வேண்டியிருக்கும். நம் மூத்த டாக்டர்கள் சிலருக்கு இது முகத்தில் அடித்தது போல இருக்கும், 'முப்பது வருட சர்வீஸ், ஒரு சின்னப் பையனை அனுப்பியிருக்கிறான்' என்பார்கள். அந்தச் சின்னப் பையன்தான் மாலையில் உறுப்பினருக்கு அரைப் பக்கக் குறிப்பு எழுதி, கையெழுத்திடலாம் அல்லது வேண்டாம் என்று பரிந்துரைக்கப் போகிறவன். மருத்துவம், கல்வி, முன்னாள் ராணுவத்தினர் என்று மூன்று நான்கு துறையை ஒருவரே பார்ப்பார், எனவே புள்ளி எண், டாலர் மதிப்பு எல்லாம் தெரியும் என்று நினைக்காதீர்கள். தெரியாது என்று நினைத்துப் பாடம் நடத்தவும் கூடாது. 'இந்த மசோதாவை ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்களா' என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய ஒன்றைத் தயாரித்துக்கொள்ளுங்கள். மாதிரிக்கு ஒன்று, எண்களை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்:

"உங்கள் தொகுதியில் குடும்ப மருத்துவம் பார்க்கிறேன். இரண்டு டாக்டர், ஏழு ஊழியர்கள், ஏழு பேரும் இந்தத் தொகுதியில் வரி கட்டுகிறவர்கள். எங்கள் பேஷண்டுகளில் பாதிப் பேர் மெடிகேர். ஐந்து வருடத்தில் சம்பளச் செலவு இவ்வளவு ஏறியது, மெடிகேர் தருவது இவ்வளவு இறங்கியது. புது மெடிகேர் பேஷண்டுக்கு இப்போது ஆறு வாரம் கழித்துத்தான் நேரம் கொடுக்க முடிகிறது. நாங்கள் மூடினால் அடுத்த டாக்டர் இருபத்தெட்டு மைல் தள்ளி. கட்டணத்தை விலைவாசியோடு இணைக்கும் இந்த மசோதாவில் உறுப்பினர் கோ-ஸ்பான்சராகச் சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வந்தேன்."

கவனியுங்கள், இதில் உங்கள் வருமானம் எங்கேயும் இல்லை. ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கும் குறைவாகச் சம்பாதிக்கும் ஒருவரிடம் டாக்டர் வருமானம் குறைந்ததைச் சொல்லி இரக்கம் சம்பாதிக்க முடியாது. ஊழியர், பேஷண்ட், தூரம், காத்திருக்கும் நாள், இவைதான் அவருடைய நோட்டில் ஏறும். பேஷண்ட் கதை சொல்லும்போது பெயரைச் சொல்லாமல் விட்டால் மட்டும் போதாது. சின்ன ஊரில் 'எழுபது வயது, பள்ளிப் பேருந்து ஓட்டியவர், சிறுநீரகக் கோளாறு' என்றாலே யார் என்று தெரிந்துவிடும், அது பேஷண்ட் ரகசியத்தைக் காக்கும் ஹிப்பா சட்டத்தின் மீறல். வயதையும் தொழிலையும் மாற்றாதீர்கள், அது பொய்யாகிவிடும், விட்டுவிடுங்கள். பேஷண்ட் தானாகவே எழுத்தில் சம்மதித்துக் கூட வந்தால் அதற்கு இணை கிடையாது.

தெரியாத கேள்வி வந்தால் 'தெரியவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன்' என்று சொல்லி, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். கட்சி அரசியல் வேண்டாம். கூடவே ஒரே ஒரு பக்கத் தாள் கொடுங்கள்: மேலே கோரிக்கை, நடுவில் உங்கள் கிளினிக்கின் மூன்று எண்கள், கீழே உங்கள் கைபேசி. இனிப்புப் பெட்டி எடுத்துப் போகும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிடுங்கள், பரிசு விதிகள் கறாரானவை, அந்தப் பிள்ளையைத்தான் சங்கடப்படுத்துவீர்கள். காங்கிரஸில் டாக்டர்களே இருக்கிறார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்: ரௌல் ரூயிஸ் அவசர மருத்துவர், கிரெக் மர்ஃபி சிறுநீரகப் பாதை அறுவை நிபுணர், ஆமி பேரா உள்மருத்துவர், செனட்டில் பில் காசிடி குடல் கல்லீரல் மருத்துவர். கட்சி வேறானாலும் கட்டண மசோதாக்களில் இவர்களில் சிலருடைய பெயரை முன்வரிசையில் பார்க்கலாம், உங்கள் உறுப்பினர் எந்தக் கட்சியோ அந்தக் கட்சி டாக்டரின் பெயரைச் சொன்னால் பேச்சு சுலபமாகும்.

மாநிலத் தலைநகரில்

நேர்மையாகச் சொன்னால் புதியவர்களுக்கு மாநிலம்தான் சீக்கிரம் பலன் தரும். மாநில உறுப்பினர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார், சில நேரம் உங்கள் பேஷண்டாகவே இருப்பார் (இருந்தால் பரிசோதனை அறையில் மசோதா பேசாதீர்கள், தயவுசெய்து). ஒரேகன் 2025 ஜூனில், டாக்டர் அல்லாத நிர்வாகக் கம்பெனிகள் கிளினிக்கின் கடிவாளத்தைப் பின்வாசல் வழியாகப் பிடிப்பதைத் தடுக்கும் சட்டம் போட்டது. டெக்ஸாஸ் அதே வருடம் டாக்டர்களின் நான்-கம்பீட்டுக்கு வேலி கட்டியது: ஒரு வருடத்துக்கு மேல் இல்லை, ஐந்து மைல் சுற்றளவுக்கு மேல் இல்லை, விடுவிப்புத் தொகை ஆண்டுச் சம்பளத்துக்கு மேல் இல்லை. ஆஸ்பத்திரி வேலையை விட்டு அதே ஊரில் சொந்த கிளினிக் தொடங்க நினைக்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. நாடு முழுக்க நான்-கம்பீட்டை ஒழிக்க வர்த்தக ஆணையம் 2024இல் போட்ட விதி நீதிமன்றத்தில் அடிபட்டுப் போனபோது, மாநிலங்களில் செய்த வேலைதான் நின்றது.

டெக்ஸாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை வருடங்களில் மட்டும், ஜனவரியில் தொடங்கி 140 நாள் கூடும். அந்த மாநில மருத்துவச் சங்கம் அமர்வுக் காலத்தில் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை வெள்ளைக் கோட்டோடு டாக்டர்களை ஆஸ்டினுக்குக் கூட்டிவரும். சங்க உறுப்பினராகப் பெயர் கொடுத்தால் போதும். குழு விசாரணையில் சாட்சி சொல்வதென்றால் மசோதாவுக்கு ஆதரவா, எதிர்ப்பா என்று பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பேச இரண்டு மூன்று நிமிடம்தான், முறை காலையிலும் வரலாம், இரவு பத்து மணிக்கும் வரலாம், ஆகவே அன்றைய கிளினிக்கை முழுதாக ரத்து செய்யுங்கள். முன்னால் பேசியவர் சொன்னதையே சொல்லாதீர்கள். எழுதி எடுத்துப் போனதைக் கொடுத்துவிட்டு, அதில் இல்லாத ஒன்றைப் பேசுங்கள்.

காசும் கூட்டும்

நன்கொடை கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம், கொடுக்காமலும் இதெல்லாம் நடக்கும். 2025-26 தேர்தல் சுற்றில் தனி ஆள் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர் வரை கொடுக்கலாம். கார்ப்பரேஷனாகப் பதிவான கிளினிக்கின் செக் புத்தகத்திலிருந்து கூட்டாட்சி வேட்பாளருக்குக் கொடுக்கக் கூடாது, சொந்தக் கணக்கிலிருந்துதான். அலுவலகச் சந்திப்பில் நன்கொடை என்ற சொல்லே வாயிலிருந்து வரக் கூடாது, மசோதாவையும் காசையும் ஒரே மூச்சில் சொல்வது ஜெயிலுக்கு வழி. சங்கச் சந்தாவில் லாபிக்குப் போகும் பங்கை வரியில் கழிக்க முடியாது, அதை உங்கள் கணக்காளரிடம் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. தனித்தனி கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்கள் ஒன்றாகச் சேர்ந்து அரசாங்கத்திடம் கேட்பது சட்டப்படி பாதுகாப்பான விஷயம், 1961இலும் 1965இலும் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. ஆனால் அதே கூட்டத்தில் 'உனக்கு அந்த இன்சூரன்ஸ் எவ்வளவு தருகிறான், நாம் எல்லோரும் சேர்ந்து இதற்குக் கீழே வாங்க மாட்டோம் என்று சொல்வோம்' என்று யாராவது ஆரம்பித்தால், அது போட்டிச் சட்டத்தை மீறும் விலைக் கூட்டு. எழுந்து வெளியே போய்விடுங்கள். வாட்ஸப் குழுவிலும் இதே கதைதான், அங்கே எழுதியது அழியாது.

திரும்பி வந்த பிறகு

அன்றிரவே நன்றி மின்னஞ்சல், அதில் கோரிக்கை ஒரு வரியில். மூன்று வாரம் கழித்து, முடிவு எடுத்தார்களா என்று ஒரு கேள்வி. அதன்பிறகு வருடத்தின் நாள்காட்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மெடிகேர் கட்டண விதியின் முன்வரைவு வழக்கமாக ஜூலையில் வரும், கருத்துச் சொல்ல 60 நாள், இறுதி விதி நவம்பர் வாக்கில், ஜனவரி 1 முதல் நடைமுறை. அந்த 60 நாளில் அரசாங்கத் தளத்தில் யார் வேண்டுமானாலும் கருத்துப் பதியலாம். சங்கம் அனுப்பும் மாதிரிக் கடிதத்தை அப்படியே ஒட்டினால் ஆயிரம் பேரும் ஒரே கணக்கில் போய்விடுவார்கள். எந்தப் பத்தி உங்கள் கிளினிக்கில் என்ன செய்யும் என்று நீங்களாக அரைப் பக்கம் எழுதுங்கள், முக்கியமான கருத்துகளுக்கு இறுதி விதியில் பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு உண்டு. எழுதியதன் நகலை அந்த எல்.ஏ.வுக்கும் அனுப்புங்கள், அவருக்கு அடுத்த கூட்டத்துக்கு ஒரு எடுத்துக்காட்டுக் கிடைக்கும்.

அந்தப் பிள்ளை ஒன்றிரண்டு வருடத்தில் வேலை மாறிவிடும், அது அங்கே சகஜம். போகும் முன்பு அடுத்து வருபவர் யார் என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், போனவர் எங்கே போனார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பலர் சுகாதாரக் குழுவின் ஊழியராகப் போவார்கள், மசோதாவின் வாசகத்தை எழுதுகிற மேசை அதுதான்.